வைக்கோல் திணித்த மணி

14-9-1944, வியாழன்.

இன்று ஒரு சிறு பிழை. ராக்காயிக்குக் கதை சொல்லும்போது ‘விடியற்காலையில்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘பொழுது சாயும் நேரத்தில்’ என்று சொல்லிவிட்டேன். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கண் ஜன்னல் பக்கம் போயிற்று, வாயும் கூடவே போய்விட்டது. திருத்தினால் அந்தத் திருத்தமே அவள் மனதில் தங்கிவிடும் என்று பயந்து திருத்தாமல் விட்டேன். அவள் சொல்வதைத் தனியாக வைக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சரியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று எழுதுகிறவனுக்கு டாக்டர் பட்டம் எதற்கு?

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று ஆத்மநாதன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு அப்படியே விட்டுவிட்டு லாந்தர் திரியை இறக்கினான். மண்ணெண்ணெய் அளந்து கொடுக்கிற காலம். டைரிக்கு அதிகம் செலவழிக்க முடியாது.

அவன் மணமேல்குடிப் பக்கத்துக்காரன். சென்னையில் எம்.ஏ. முடித்து, மனோதத்துவத்தில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் காதால் கேட்ட ஒரு கதையை எவ்வளவு நாள், எப்படி ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பது ஆராய்ச்சி. உனக்கு உறவுக்காரர்கள் இல்லாத ஊராகப் பார்த்துப் போ என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அப்படித்தான் இலுப்பூரிலிருந்து நடை தூரத்தில் இருந்த செங்கண்மாய்ப்பட்டிக்கு வந்து சேர்ந்தான்.

ஊரில் நிலக்கடலை வியாபாரம் செய்கிற ஆண்டிச்சாமிக்கு ஒரு பெரிய கொட்டகை இருந்தது. பகலில் பெண்கள் அங்கே உட்கார்ந்து கடலை உடைப்பார்கள். கொட்டகையைச் சாயங்காலம் முதியோர் வகுப்புக்கு விடுவதாகவும் மாடி அறையில் ஆத்மநாதன் இருந்துகொள்ளலாம் என்றும் ஏற்பாடு. வாடகை கிடையாது. ஆண்டிச்சாமியின் மூட்டை தூக்குகிறவர்களிலிருந்து வண்டிக்காரர்கள் வரை கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டால் போதும்.

“டாக்டருக்குப் படிக்கிறீங்களாமே, ஊசி போடுவீங்களா?” என்று முதல் வாரத்தில் கேட்டார்கள். இது வேறே டாக்டர், மனசைப் பற்றிப் படிப்பது என்று சொன்னான். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. மனசைப் பற்றிப் படிக்க ஒருவன் சென்னையிலிருந்து செங்கண்மாய்ப்பட்டிக்கு வருவான் என்பதை அவர்கள் நம்பவில்லை என்பது அவனுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வகுப்புக்கு வரும் ஆண்களிலும் கடலை உடைக்கும் பெண்களிலுமாகப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தான். ராக்காயி அந்தப் பெண்களில் ஒருத்தி. ஒவ்வொருவராக மாடிக்குக் கூப்பிட்டான். கதவைச் சாத்தினான். கதையைச் சொன்னான். ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்லச் சொல்லி, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான். சரி என்றோ தப்பு என்றோ வாய் திறக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். சும்மா அனுப்புவது மரியாதை இல்லை என்று போகும்போது வெற்றிலை பாக்கு கொடுத்தான். எட்டாம் நாள் மறுபடி கூப்பிடுவேன் என்றான். எல்லாம் முறைப்படி.

கதை சின்னது. இதுதான்:

ஒரு விடியற்காலையில் ஒருவன் ஒரு மயிலைக் காளையைக் கண்மாய்க் கரையில் ஓட்டிக்கொண்டு போனான். அதன் கழுத்து மணிக்குள் வைக்கோலைத் திணித்திருந்தான். எதிரே ஒருத்தி குடத்தோடு வந்தாள். ‘மழை வருமா?’ என்று கேட்டான். ‘வராது’ என்றாள். அவன் சிரித்துவிட்டு, தண்ணீர் வழிகிற கலிங்கு பக்கமாக இறங்கிப் போனான். அவன் போன பிறகு மழை வந்தது.

காரணம் சொல்லாத கதையாக இருக்க வேண்டும், அப்போதுதான் கேட்பவர்கள் எதைச் சேர்க்கிறார்கள், எதை உதிர்க்கிறார்கள் என்று பார்க்கலாம் என்பது பேராசிரியரின் யோசனை. சாமான்கள் மட்டும் கிராமத்துச் சாமான்களாக இருக்கட்டும் என்று காளையையும் கண்மாயையும் ஆத்மநாதன் போட்டான்.

எட்டாம் நாள் வந்தது. முதலில் வந்த ஆள் ‘பொழுது சாயுற நேரத்துல’ என்று ஆரம்பித்தான். ஆத்மநாதனின் பேனா ஒரு கணம் நின்றது. இரண்டாவது ஆளும் அப்படியே சொன்னான். மூன்றாவதாக வந்த பெண்ணும் அதையே சொன்னாள். ராக்காயிக்கு மட்டும் சொன்ன பிழை, எல்லார் வாயிலிருந்தும் வந்தது.

அதோடு நிற்கவில்லை. காளை ஓட்டினவனுக்கு ஒரு கால் நொண்டியாகிவிட்டது. தோளில் சிவப்புத் துண்டு வந்துவிட்டது. ‘மழை வருமா’ என்று கேட்டவன் இப்போது ‘பின்னாடி யாரும் வாராங்களா?’ என்று கேட்டான். மழையே காணோம். ஒருவர்கூட மழையைச் சொல்லவில்லை. மணிக்குள் வைக்கோல் மட்டும் பன்னிரண்டு பேரிடமும் பத்திரமாக இருந்தது.

மறதி என்றால் ஆளுக்கு ஒரு பக்கம் சிதற வேண்டும். இவர்கள் வரிசை கட்டி ஒரே பக்கம் நடந்திருக்கிறார்கள். யாரோ ஓட்டியிருக்கிறார்கள்.

முதல் சந்தேகம் ஆண்டிச்சாமி மேல் போயிற்று. மாடி அறைக்கு இன்னொரு சாவி அவரிடம் இருந்தது. சமீபமாக அவர் நடந்துகொள்வதும் ஒரு தினுசாக இருந்தது. காலையில் பால் அனுப்பினார். ஒரு நாள் படியில் பார்த்து, குரலைத் தாழ்த்தி, “தம்பி, நீங்க செய்யிறது எனக்குத் தெரியும். நான் கேக்கவே இல்லை, நீங்களாச் செய்யிறீங்க. மறக்க மாட்டேன்” என்றார். ஆராய்ச்சிக்கு இவ்வளவு மரியாதை உள்ள மனிதரா என்று அன்றைக்கு அவன் கைகூப்பினான். இப்போது அந்தப் பேச்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தெரியும் என்றால் எப்படித் தெரியும்?

பெட்டிக்குள் இருந்த காகிதங்களை யாராவது எடுத்துப் படிக்கிறார்களா என்று பார்க்க, மூடியின் மேல் ஒரு கடலைத் தோலை வைத்துவிட்டு வெளியே போனான். கொட்டகையில் கடலைத் தோலுக்குப் பஞ்சமா, தட்டிவிட்டவன் இன்னொன்றை எடுத்து வைத்துவிட்டால் என்ன செய்வது என்று பாதி வழியில் தோன்றியது. திரும்பி வந்து தோலில் நகத்தால் ஒரு கீறல் போட்டுவிட்டுப் போனான். சாயங்காலம் பார்த்தால் கீறலோடு அதே தோல் அதே இடத்தில் இருந்தது.

அப்படியானால் காகிதம் இல்லை. வாய்தான்.

கீழே கடலை உடைக்கும் பெண்கள் அவன் படியிறங்கும் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்தினார்கள். தோல் நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் வாசலைத் தாண்டியதும் பேச்சு மறுபடி கிளம்பியது. முன்பும் இப்படித்தானா, இப்போதுதான் தன் காதில் விழுகிறதா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை தபாலாபீசுக்குப் போக வேண்டியிருந்தது. பெரியகருப்பன் வண்டியில் ஏறிக்கொண்டான். பெரியகருப்பன் ஆண்டிச்சாமியின் கடலை மூட்டைகளை இலுப்பூருக்கு ஏற்றுகிறவன். வகுப்பில் ‘ழ’ போட வராமல் ஒரு வாரமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு பேரில் அவனும் ஒருவன்.

ஊர் எல்லை தாண்டியதும் அவன் திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

“வாத்தியாரே, கோர்ட்டுக்கு என்னைக்குப் போகணும்?”

“எந்தக் கோர்ட்டுக்கு?”

“சரி சரி. தெரியாத மாதிரியே இருங்க. நீங்க அப்படித்தான் இருக்கணும். பஸ் சார்ஜும் மத்தியானச் சாப்பாடும் உண்டான்னு மட்டும் சொல்லிருங்க. முந்தி ஒரு பாகப்பிரிவினைக் கேசுக்குக் கூட்டிப் போயி, நாள் பூரா நிக்க வச்சு, ஆளுக்கு ஒரு வடையைக் குடுத்து அனுப்பிட்டாங்க. ஊசின வடை.”

“பெரியகருப்பா, எனக்கு ஒண்ணும் புரியலை. நிஜமா.”

பெரியகருப்பன் வண்டியை ஓரங்கட்டினான். திரும்பி ஆத்மநாதனின் முகத்தைப் பார்த்தான்.

“அந்தக் கேசுக்கு வக்கீல் குமாஸ்தா வந்தாரு. அவரும் உங்களை மாதிரித்தான். ஒவ்வொரு ஆளா உள்ள கூப்பிடுவாரு. கதவைச் சாத்துவாரு. நடந்தது இதுன்னு சொல்லுவாரு. வார்த்தை விடாமத் திருப்பிச் சொல்லுடாம்பாரு. யார்கிட்டயும் மூச்சு விடாதேம்பாரு. வெத்தலை பாக்குக் குடுப்பாரு. எட்டு நாள் கழிச்சு மறுபடி கேப்பாரு. தப்பாச் சொன்னா வைவாரு. நீங்க வையலை, அம்புட்டுத்தான் வித்தியாசம். எம்.ஏ. படிச்சவர்னா அப்படித்தான் இருப்பாருன்னு பேசிக்கிட்டோம்.”

“எந்த வழக்குக்கு நான் சாட்சி தயார் பண்றேன்னு நினைச்சீங்க?”

“இதென்ன கேள்வி? ஆண்டிச்சாமி காளை ஆடியில களவு போச்சுல்ல? மயிலைக் காளை. நீங்க ஆவணியில வந்து அவரு மாடியில குடியேறி, மயிலைக் காளை, கண்மாய்க்கரைன்னு கதவைச் சாத்திக்கிட்டுச் சொன்னா, எங்களுக்கு விவரம் தெரியாதா? ஆள் பேரை மட்டும் நீங்க சொல்லலை. கெட்டிக்காரர், மாட்டிக்கிறாம இருக்க எங்க வாயால வரட்டும்னு விட்டுட்டாருன்னு நெனச்சோம். வெள்ளைச்சாமி மேலதான் அவருக்குச் சந்தேகம். அதான் காலை நொண்டியாக்கினோம்.”

வெள்ளைச்சாமியை ஆத்மநாதனுக்குத் தெரியும். ஆண்டிச்சாமியிடம் பண்ணையில் இருந்து சண்டை போட்டு விலகினவன். இடது காலைச் சாய்த்து நடப்பான். தோளில் எப்போதும் சிவப்புத் துண்டு. வகுப்பில் கடைசியில் உட்கார்ந்து தன் பேரை எழுதக் கற்றுக்கொண்டான். சில நாளாக வகுப்புக்கு வரவில்லை.

“எல்லாரும் ஒரே மாதிரி எப்படிச் சொன்னீங்க?”

“ஆளுக்கு ஒண்ணாச் சொன்னா எதிர்க்கட்சி வக்கீல் கிழிச்சுர மாட்டானா? அதான் ராக்காயி வீட்டு வாசல்ல ஒக்காந்து ஒத்துப் பேசிக்கிட்டோம். நாங்க விடியக்காலம்னோம், அவ ஒருத்தி பொழுது சாயுற நேரம்னு நின்னா. அந்த நேரத்துக்குத் தண்ணிக்குப் போறவ அவதானே, அவ சொல்றதே இருக்கட்டும்னு விட்டுட்டோம்.”

“மழையை ஏன் விட்டீங்க?”

“அன்னைக்கு மழை பேயலையே வாத்தியாரே. பேயாத மழையைக் கோர்ட்டுல சொல்ல முடியுமா?” என்றான் பெரியகருப்பன், கொஞ்சம் கோபமாகவே. பிறகு முகம் மலர்ந்தது. “ஆனா மணிக்குள்ள வைக்கோலைத் திணிச்சான்னீங்க பாருங்க, அது பெரிய போடு. ஏட்டய்யாவே அசந்துட்டாராம். களவாணிக்குத்தான் இந்தப் புத்தி வரும்னாராம்.”

“ஏட்டய்யாகிட்ட யார் சொன்னது?”

“ராக்காயிதான். முந்தாநாள் ஸ்டேஷன்ல எழுதி வாங்கியிருக்காங்க. நேத்து வெள்ளைச்சாமியைப் பிடிச்சுட்டாங்கல்ல? உங்களுக்கு அதுவும் தெரியாதா?”

அந்த மணியும் வைக்கோலும் தன் மூளையில் உதித்தவை. திருச்சியிலிருந்து வந்த ரயிலில் உட்கார்ந்து யோசித்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

“ஆண்டிச்சாமி காளைக்கு மணி உண்டா?”

பெரியகருப்பன் சிரித்துவிட்டான். “அவரா மணி கட்டுவாரு? மூக்கணாங்கயிறு அறுந்தாலே முடிச்சுப் போட்டு ஓட்டுற ஆளு. ரெண்டு வருசம் நான்தானே அதை வண்டியில பூட்டினேன். மொட்டைக் கழுத்தோடதான் திரிஞ்சுச்சு.”

“அப்புறம் நீயும் மணின்னு சொன்னியே?”

“நீங்க சொன்னீங்க, நான் சொன்னேன்.”

ஆத்மநாதன் வண்டியிலிருந்து இறங்கினான். அது வெறும் கதை, படிப்புக்காகக் கட்டினது, எந்த வழக்கும் தனக்குத் தெரியாது என்று நின்ற இடத்திலேயே சொன்னான். பெரியகருப்பன் சிரிப்பை நிறுத்தினான்.

“அப்ப வெள்ளைச்சாமி எடுக்கலையா?”

“எனக்குத் தெரியாது.”

“தெரியாமயா சொன்னீங்க?” வண்டிக்காரன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். “மணி இல்லைன்னு என்னைக் கோர்ட்டுல வந்து சொல்லச் சொல்லாதீங்க வாத்தியாரே. நான் அவர் மூட்டையை ஏத்தித்தான் சாப்பிடுறேன்.”

தபாலாபீசுக்குப் போகாமல் ஆத்மநாதன் நடந்தே திரும்பினான். கொட்டகை வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கடலை உடைக்கிறவர்கள் தலையைக் குனிந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மருதாயி, வெள்ளைச்சாமியின் பெண்டாட்டி.

“நீங்கதானே கதை சொல்லிக் குடுக்கிறவரு?” என்றாள்.

“அம்மா, உள்ளே வந்து...”

“உள்ள வந்தா எனக்கும் ஒரு கதை சொல்லுவீங்க. இங்கிட்டே நின்னு பேசுவோம். எம்புருசன் உங்களுக்கு என்ன செஞ்சாரு? படிக்க வரலைன்னா இப்படியா பழி வாங்குறது?”

ஒரு பெண் பக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். மருதாயி அந்தப் பக்கம் திரும்பி, “சிரி ஆத்தா, சிரி. நாளைக்கு ஒன் வீட்டுக்காரரு காலு என்ன ஆகுதுன்னு பாப்போம்” என்றாள். மறுபடி இவனிடம் வந்தாள். “கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுத்தீங்க. அவரும் பெருமையா அடுப்புக்கரியில செவரு பூரா எழுதி வச்சாரு. முந்தியெல்லாம் கைநாட்டுன்னா எழுதினதை வாசிச்சுக் காட்டிட்டுத்தான் விரலைப் பிடிப்பாங்க. இப்பத்தான் கையெழுத்துக்காரர் ஆயிட்டாரே, ஸ்டேஷன்ல வாசிக்காமலே நீட்டினாங்களாம். போட்டுட்டு உள்ள உக்காந்திருக்காரு. அதுல என்ன எழுதியிருக்குன்னு அவருக்குத் தெரியாது.”

“களவு போன அன்னைக்கு அவர் எங்கே இருந்தார்?”

அவள் குரல் தாழ்ந்தது. “ஜெகதாப்பட்டினத்துக்குக் கருவாடு ஏத்தப் போனேன்னாரு. மூணு நாள் கழிச்சு வந்தாரு. கருவாடும் வரலை, கூலியும் வரலை.” பிறகு குரல் உயர்ந்தது. “எங்க போனாருன்னு நான் அவரைக் கேட்டுக்கிறேன். அது எங்க சண்டை. நீங்க ஏன் பார்த்த மாதிரி சொன்னீங்க?”

அந்தக் கேள்விக்கு அவனிடம் மனோதத்துவத்தில் பதில் இருந்தது. தமிழில் இல்லை.

ராக்காயி வெளிப்படையான மனுஷி. அவளிடம் பேசினால் சரியாகிவிடும் என்று நினைத்தான். சாயங்காலம் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குக் கிளம்பியபோது கூடவே நடந்தான்.

“ராக்காயி, நான் சொன்னது கதை. யாரும் மாடு ஓட்டிக்கிட்டுப் போகலை. நானாக் கட்டினது.”

“ஆமா தம்பி. நீங்க சொன்னது கதைதான். வடக்கே எங்கேயோ நடந்த மாதிரிச் சொன்னீங்க.” அவள் இடுப்புக் குடத்தை மாற்றி வைத்துக்கொண்டாள். “நான் ஸ்டேஷன்ல சொன்னது நான் பார்த்தது.”

“என்ன பார்த்தீங்க?”

“அதோ அந்தப் புளிய மரத்துக்கிட்ட வந்தான். மாட்டைப் பிடிச்சிருந்தான். காலை இழுத்து இழுத்து நடந்தான். மணி ஆடுது, சத்தம் இல்லை. இதென்னடா மணி ஊமையாயிருக்குன்னு பார்த்தேன். உள்ள வைக்கோலு. பின்னாடி யாரும் வாராங்களான்னு கேட்டான். இல்லைன்னேன்.”

“இத்தனை நாள் ஏன் சொல்லலை?”

“மறந்தே போச்சு. நீங்க அன்னைக்குச் சொல்லச் சொல்ல ஒண்ணொண்ணா வந்துச்சு. நீங்க ஞாபகப்படுத்தலைன்னா மண்ணோட மண்ணாப் போயிருக்கும். ஒங்களுக்குத்தான் புண்ணியம்.”

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. புளிய மரத்தைக் காட்டின விரல் நடுங்கவில்லை. மற்றவர்கள் ஒத்துப் பேசி வைத்துக்கொண்டார்கள். இவள் ஒருத்தி நிஜமாகவே பார்க்கத் தொடங்கிவிட்டாள். இல்லாத மணியை, இல்லாத வைக்கோலோடு.

நெஞ்சுக்குள் ஒரு பக்கம் துள்ளியது என்பதையும் மறைப்பதற்கில்லை. சொன்ன கதை எட்டே நாளில் பார்த்த காட்சியாக மாறுவதை இப்படிக் கண்ணெதிரே பிடித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? வியாழக்கிழமை அவள் கோர்ட்டில் சத்தியம் செய்து அதையே சொல்லப்போகிறாள். ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டால் போதும். மூன்றாவது தடவைக்கு அதைவிட நல்ல சோதனைச்சாலை கிடையாது. மார்ச்சோடு உபகாரச் சம்பளம் முடிகிறது. இந்த ஒரு அத்தியாயமே பட்டத்தை வாங்கிக் கொடுத்துவிடும்.

வாயைத் திறந்தாலோ, பன்னிரண்டு பேருடைய விடைகளும் கெட்டுப்போனவை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். கெட்டுப்போன விடைகளை வைத்து ஆராய்ச்சி எழுத முடியாது. வேறு ஊர், வேறு ஆட்கள், வேறு கதை. அதற்குக் காலம் இல்லை.

செவ்வாய்க்கிழமை பூராவும் இப்படியே போயிற்று. புதன்கிழமை மத்தியானம் ஆண்டிச்சாமியே மாடிக்கு வந்தார். உட்காரவில்லை. பெட்டியையும் காகிதங்களையும் ஒரு பார்வை பார்த்தார்.

“ராக்காயிகிட்டப் பேசினீங்களாம். மருதாயிகிட்டயும் பேசினீங்களாம்.”

“ஆமாங்க. உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும். உங்க காளைக்கு மணி இருந்துச்சா?”

ஆண்டிச்சாமி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“இருந்துச்சு தம்பி. எங்கப்பா திருநாள்ல வாங்கிக் கட்டினது. வெங்கல மணி. அது வீட்டுக்கு வர்றப்ப தெரு மொனையிலேயே சத்தம் கேக்கும்.” குரல் கம்மிவிட்டது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆத்மநாதன் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நடிக்கிறாரா? அல்லது ராக்காயியின் மணி இவர் காதிலும் அடிக்கத் தொடங்கிவிட்டதா? படித்த படிப்பில் இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழியும் இல்லை.

“அது கதைங்க. மணி நான் வச்சது.”

“நீங்க வச்சதா?” ஆண்டிச்சாமி இப்போது நேராகப் பார்த்தார். பால் அனுப்பின முகம் இல்லை. “தம்பி, நீங்க வரும்போதே ஊரெல்லாம் எங்காளையைப் பத்தித்தான் பேச்சு. கீழே பொம்பளைங்க வாய் ஓயாமப் பேசினது மாடிக்குக் கேக்காமலா இருக்கும்? காதுல விழுந்ததைத்தான் கதையாச் சொன்னீங்க. நாளைக்கு வக்கீலு கேப்பாரு, காளை மயிலைன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்னு. என்ன சொல்லுவீங்க?” படியிறங்கும்போது சொன்னார். “கொட்டகையும் மாடியும் நான் இஷ்டப்பட்டுக் குடுத்தது. படிப்பு முடியணும்ல. யோசிச்சுக்கங்க.”

அவர் போன பிறகு ஆத்மநாதன் பெட்டியைத் திறந்து கதையின் முதல் கையெழுத்துப் பிரதியைத் தேடினான். ரயிலில் எழுதினது. அதில் காளைக்கு நிறமே இல்லை. ‘ஒரு காளை’ என்றுதான் இருந்தது. ‘மயிலை’ என்பது மேலே வேறு மையில் செருகியிருந்தது. எப்போது செருகினான்? இங்கே வந்த பிறகுதான். ஏன் மயிலை? யோசித்து யோசித்துப் பார்த்தான். நிறம் இருந்தால் கேட்பவர்கள் மனதில் நிற்கும் என்று தோன்றியது ஞாபகம் இருந்தது. ஏன் செவலை இல்லை, ஏன் கறுப்பு இல்லை என்பது ஞாபகம் இல்லை. கீழேயிருந்து கடலைத் தோல் நொறுங்கும் சத்தமும் பெண்கள் பேச்சும் வந்துகொண்டிருந்தன. ஒரு வார்த்தைகூடத் தெளிவாகக் கேட்கவில்லை. ஆனால் சத்தம் வந்துகொண்டேதான் இருந்தது.

அவனுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது அப்போதுதான். நான் கட்டினது என்று கோர்ட்டில் சத்தியம் செய்ய வேண்டும். எந்த அளவுக்கு நான் கட்டினது? ராக்காயியும் சத்தியம்தான் செய்யப்போகிறாள், அவளும் பொய் சொல்லப்போவதில்லை. இரண்டு சத்தியத்துக்கும் என்ன வித்தியாசம்?

அடுத்து மணி வருகிற வரியைப் பார்த்தான். ரயில் பிரதியில் மணி இருந்தது. வைக்கோலும் இருந்தது. அந்த மை பழைய மை. இந்த ஊரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எழுதினது. அதை மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். மயிலையைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டியதுதான். எம்.ஏ. படித்தவன், ஞாபகத்தையே ஆராய்கிறவன், கூண்டில் நின்று தெரியாது என்று சொன்னால் சிரிப்பார்கள். வெள்ளைச்சாமியே காளையை ஓட்டிப்போனவனாக இருந்தாலும் இருக்கலாம். மூன்று நாள் எங்கே போனானோ. அதுவும் தெரியாது. ஆனால் ராக்காயி பார்த்த மணி எங்கிருந்து வந்தது என்பது தெரியும். தெரிந்த ஒன்றையும் சொல்லாமல் மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால், பிறகு தான் எழுதுகிற எந்த வரியை நம்புவது?

அன்று சாயங்கால வகுப்புக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். பெரியகருப்பன் வந்திருந்தான், ஆனால் பின் வரிசையில், வெள்ளைச்சாமி உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். ஆத்மநாதன் கையெழுத்தை விட்டுவிட்டு ஒரு காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டான்.

“இன்னைக்கு வேற பாடம். யாராவது காகிதத்தை நீட்டினா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால என்ன கேக்கணும்?”

ஆறு பேரும் அந்தக் காகிதத்தையே பார்த்தார்கள்.

“வாசிச்சுக் காட்டுங்கன்னு கேக்கணும்” என்றான் அவனே. “கையெழுத்துப் போடத் தெரிஞ்சாலும் கேக்கணும். சொல்லுங்க.”

“வாசிச்சுக் காட்டுங்க” என்று ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“இதையும் திருப்பிச் சொல்ல மாடிக்கு வரச் சொல்லலையே, வாத்தியாரே?” என்று பெரியகருப்பன் பின்னாலிருந்து கேட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை.

27-9-1944, புதன்.

கதையைக் கேட்ட பன்னிரண்டு பேருடைய விடைகளும் ஆராய்ச்சிக்கு உதவாது. காரணம் அவர்கள் இல்லை, நான் வைத்த முறை. என்னைப் பற்றி அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று முறையில் எங்கும் சேர்க்கவில்லை. காளையின் நிறத்தை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்னமும் தெரியவில்லை. தெரிந்ததுபோல எழுதிவிடக் கூடாது.

நாளை:
காலை, கரியில் ஓடும் முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை. மருதாயியையும் கூட்டிப்போவது.
வெள்ளைச்சாமிக்கு ஒரு வக்கீல் பார்ப்பது. என்னைச் சாட்சியாகக் கூப்பிடச் சொல்வது.
மணியும் வைக்கோலும் என் கதையில் உள்ளவை என்று சொல்வது. நிறத்தைக் கேட்டால் தெரியாது என்பது.
பேராசிரியருக்குக் கோர்ட் வாசலிலிருந்தே கடிதம் போடுவது.
திரும்பி வந்ததும் மாடி அறையைக் காலி செய்வது.